வாவிக் கரையிலிருந்து விடுதிக் கட்டில் வரை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் நோய்வாய்ப்படும் ஒருவர், நகரிலுள்ள போதனா வைத்தியசாலையின் கட்டிலொன்றை அடைய, எப்படியும் ஓரிடத்தில் நீரைக் கடந்தாக வேண்டும். வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த வாவி, மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. வயலும் குளமும் காடுமாக மேற்கே விரியும் நிலம் படுவான்கரை. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் சனத்தொகை 5 இலட்சத்து 25 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பங்கு எழுவான்கரையின் மணல்மேட்டில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறது. பெரிய வைத்தியசாலைகளும் அங்கேதான். படுவான்கரைக்கு நெல்லும் மாடும் உண்டு. யானைத் தொல்லையும் பாம்புக்கடியும் உண்டு. விசேட வைத்திய நிபுணர் இல்லை.

நோயாளரை அனுமதிக்கும் வேலையை விரைவாக்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் அனுமதி மேசையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது: இன்னொரு எழுதுவினைஞர், இன்னொரு கணினி, இன்னொரு வரிசை. வாவியைச் சுற்றி நோயாளி வரும் வழியே போய்ப் பார்த்தால், அந்த மேசை இந்தப் பயணத்தின் மிகச் சிறிய பகுதி என்பது தெரிகிறது.

தெற்கிலிருந்து தொடங்கினால் முதலில் மண்டூர். முருகன் கோயிலால் பெயர்பெற்ற இந்த ஊருக்கும் எதிர்க்கரைக் குருமண்வெளிக்கும் இடையில் துறை இருக்கிறது. பாதை என்று ஊரார் சொல்லும் தட்டைப் படகில் ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக ஏறிக் கடக்கிறார்கள். சற்று வடக்கே, களுவாஞ்சிக்குடியையும் போரதீவுப் பற்றையும் இணைக்கும் பட்டிருப்புப் பாலம் உண்டு. எனவே மண்டூர்ப் பக்கத்தில் காய்ச்சலோ நெஞ்சு நோவோ வந்த ஒருவரின் வீட்டார், உள்ளூரில் காட்டுவதா, களுவாஞ்சிக்குடிக்குப் போவதா, நேரே மட்டக்களப்புக்கே கொண்டுபோவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அனுமதியின் முதல் தீர்மானம் இதுதான். அதை எடுப்பவர் வைத்தியர் அல்ல; ஒரு தாய், ஒரு மகன், பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர்.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. எந்த ஊரவரும் எந்த வைத்தியசாலைக்கும் நேரே போகலாம்; கீழ்நிலை வைத்தியசாலையின் கடிதம் கட்டாயமில்லை. இது பெரிய உரிமை. அதைக் குறைக்கச் சொல்பவர்கள், ஏழை நோயாளி எந்த வாசலில் நிறுத்தப்படுவார் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். ஆனால் இந்த உரிமையின் பக்கவிளைவாக, பெரிய வைத்தியசாலையின் விடுதியில் கட்டிலுக்குக் கீழே பாய் விரிக்கப்படும் அதே நாளில் சிறிய வைத்தியசாலையின் கட்டில்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. நாடு முழுவதும் தெரிந்த நிலைமை இது. கோவிட்டுக்கு முந்திய ஆண்டுகளில் அரசாங்க வைத்தியசாலைகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் 70 இலட்சம் அனுமதிகள் நடந்தன. ஏறக்குறைய 2 கோடியே 20 இலட்சம் பேர் வாழும் நாட்டுக்கு இது மிக உயர்ந்த எண்ணிக்கை. ஓரிரவு கவனித்துவிட்டு அனுப்பக்கூடியவர்களும், ஒரு பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவர்களும் இதற்குள் அடக்கம்.

பிரதேச வைத்தியசாலைகள் கட்டில் எண்ணிக்கையைக் கொண்டு மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: 100க்கு மேற்பட்டவை ஏ, 50 முதல் 100 வரை பி, 50க்குக் குறைந்தவை சி. அதற்கும் கீழே கட்டிலே இல்லாத ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகள். 2018இல் சுகாதார அமைச்சு வகுத்த கொள்கை, ஆதார வைத்தியசாலை ஒன்றையோ அதைவிடப் பெரியதையோ தலைமையாக வைத்து, சுற்றியுள்ள சிறியவற்றை அதனோடு ஒரே கொத்தாக இணைக்கச் சொல்கிறது. மருந்தையும் ஆய்வுகூடத்தையும் நிபுணரின் ஆலோசனையையும் கொத்துக்குள் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஆரம்ப நிலையத்தோடு பதிவாகும். உலக வங்கியின் 20 கோடி டொலர் கடனுதவியோடு ஆரம்ப சுகாதாரத்தைப் பலப்படுத்தும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. தாளில் இருக்கும் இந்த வரைபடத்துக்கு வாவிக்கரையைப் போலப் பொருத்தமான நிலம் குறைவு. போரதீவுப் பற்றின் சிறிய வைத்தியசாலைகளுக்குக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை இயல்பாகவே தலைமை; பாலம் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் போகிறது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்பு நகர் ஏ4 வீதியில் சுமார் 30 கிலோமீற்றர். களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம் என்று ஊர்கள் விட்டுப்போகாமல் தொடர்கின்றன. வெற்றிலைத் தோட்டமும் தென்னையும் ஒரு பக்கம், வாவி மறுபக்கம். இந்த வீதியில்தான் இடமாற்ற நோயாளரை ஏற்றிய அம்புலன்ஸ் வண்டிகள் ஓடுகின்றன. ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை மாற்றும்போது கடிதம் ஒன்று கூடப் போகிறது. கடிதத்துக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்புப் போனால் பெறும் இடத்தில் நடப்பது முற்றிலும் வேறு: எந்த விடுதி என்பது முன்கூட்டியே முடிவாகும், இரத்தம் தேவையா என்று பார்க்கலாம், சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் சொல்லி வைக்கலாம். அழைப்பில்லாமல் போய்ச் சேரும் நோயாளி வெளிநோயாளர் வரிசையின் முதல்படியிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். அரை மணி நேர வீதிப் பயணம் வெறும் போக்குவரத்தாகப் போவதும், அனுமதிக்கான ஆயத்த நேரமாக மாறுவதும் அந்த ஓர் அழைப்பில் தங்கியிருக்கிறது. அழைக்க வேண்டிய இலக்கம் எது, எடுக்க வேண்டியவர் யார் என்பது இரவு 2 மணிக்கும் மாறாமல் இருந்தால்தான் இது நடக்கும்.

வீட்டிலிருந்தோ வீதியிலிருந்தோ வருபவர்களுக்கு, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய சேவை உண்டு. இந்தியாவின் நன்கொடையோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கி, 2018இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. பயிற்சி பெற்ற உதவியாளர் வண்டியிலேயே நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் எடுத்து எழுதிக்கொண்டு வருகிறார். அந்தத் தாளை வைத்தியசாலை வாங்கி நோயாளியின் அனுமதிச் சீட்டான ரிக்கட்டோடு சேர்த்தால், வாசலில் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

ஆரையம்பதிக்குத் தெற்கே மேற்கு நோக்கித் திரும்பினால் மண்முனைப் பாலம். ஜப்பானின் உதவியோடு கட்டப்பட்டு 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன் இங்கேயும் பாதைப் படகுதான். 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபடியால், துறையைக் கடக்கும் நோயாளி சோதனைச் சாவடியையும் கடக்க வேண்டியிருந்தது. பிரசவ வலியோடு துறையடியில் காத்திருந்த பெண்களின் தலைமுறை இன்னும் நாற்பதுகளில்தான் இருக்கிறது. தான்தோன்றீஸ்வரர் கோயில் உள்ள கொக்கட்டிச்சோலையும் மகிழடித்தீவும் முனைக்காடும் இந்தப் பாலத்தால் நகரோடு நெருங்கின. பாலம் உயிர்களைக் காத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. கூடவே, முன்பு மகிழடித்தீவு வைத்தியசாலையில் காட்டியிருக்கக்கூடிய ஒருவர் இப்போது ஓட்டோவில் ஏறி நகரின் பெரிய வைத்தியசாலைக்கே போய்விடுவதும் இலகுவாயிற்று. வீதி நல்லதாகும்போது சிறிய வைத்தியசாலையும் அதே வேகத்தில் நல்லதாகாவிட்டால், நெரிசல் பாலத்தைக் கடந்து மறுமுனைக்குப் போய்விடும்.

சிறிய வைத்தியசாலையால் என்ன செய்ய முடியும் என்பதற்குப் பாம்புக்கடி தெளிவான சாட்சி. நாடு தழுவிய கணக்கெடுப்பொன்று, ஓராண்டில் சுமார் 80,000 பேர் கடிபடுவதாகவும், 30,000 பேரின் உடலில் நஞ்சேறுவதாகவும், 400 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. கண்ணாடிவிரியனின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்த்தால், உறைந்ததா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வயற்கரை வைத்தியசாலையிலேயே இதைச் செய்து, நேரத்தைக் குறித்து, நஞ்சேறியவரை உடனே மாற்றி, ஏறாதவரை அங்கேயே ஒரு நாள் வைத்து மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்தால், பெரிய வைத்தியசாலைக்குப் போவோர் உண்மையில் போக வேண்டியவர்களாக இருப்பார்கள். அதற்குப் படுவான்கரையில் இரவிலும் வைத்தியர் இருக்க வேண்டும். நஞ்சுமுறி மருந்து எந்த வைத்தியசாலையில் இருக்கிறது என்பது கொத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் அனுமதி ஒன்றும் இந்தப் பிரதேசத்தில் உண்டு: பிரசவம். இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. கர்ப்பம் உறுதியானதும் ஊரின் குடும்ப நல உத்தியோகத்தர் தாயைப் பதிவு செய்து அட்டை கொடுக்கிறார். இரத்த வகை, அழுத்தம், முந்திய பிரசவங்கள், எதிர்பார்க்கும் திகதி எல்லாம் அதில் ஏறுகின்றன. ஆபத்துள்ள கர்ப்பம் என்றால் எந்த வைத்தியசாலை, எப்போது போக வேண்டும் என்பதும் மாதங்களுக்கு முன்பே பேசப்பட்டுவிடுகிறது. எழுவான்கரையின் காத்தான்குடியிலோ படுவான்கரையின் வெல்லாவெளியிலோ இருந்து வரும் தாய், வாசலில் அட்டையை நீட்டினால் போதும். பிரசவ விடுதியின் வேகம் மேசையில் பிறப்பதில்லை. ஏழெட்டு மாதங்களுக்கு முன் ஒரு வீட்டுத் திண்ணையில் எழுதப்பட்ட தாளில் பிறக்கிறது. நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களின் கிளினிக் கொப்பியும் அதே வேலையைச் செய்யும். அதைக் கைவிடாமல் கொண்டுவரவும், வாசலில் உள்ளவர் அதைத் திறந்து பார்க்கவும் வேண்டும்.

காத்தான்குடியின் நெருக்கமான கடைத்தெருவைத் தாண்டினால் கல்லடி. 1924இல் கட்டப்பட்ட லேடி மனிங் பாலம் ஒடுக்கமானது. ஒரு பக்க வாகனம் போகும்வரை மறுபக்கம் காத்திருக்க வேண்டியிருந்தது. தெற்கிலிருந்து வந்த ஒவ்வொரு அம்புலன்ஸும் இந்தக் கழுத்தைக் கடந்தே நகருக்குள் புகுந்தது. 2013இல் பக்கத்திலேயே புதிய அகலமான பாலம் திறக்கப்பட்டபின் அந்தத் தடை நீங்கியது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் இயங்குகிறது. 2010 அளவில் சுமார் 800 கட்டில்கள் இருந்தன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் இங்கேதான் பயில்கிறார்கள். உள்ளே நோயாளியின் பாதை இப்படிப் போகிறது: பதிவு, வைத்தியர் பார்வை, அனுமதித் தீர்மானம், ரிக்கட் எழுதுதல், விடுதி, அங்கே பயிற்சி வைத்தியர் வரலாற்றை மீண்டும் எழுதுதல், பரிசோதனைகள். ஒவ்வொரு படியிலும் பெயர், வயது, ஊர் கேட்கப்படுகின்றன. அரசாங்க வைத்தியசாலைகள் சிலவற்றில் உள்ளூரிலேயே உருவான திறந்த மூல மென்பொருளைக் கொண்டு இந்தப் பதிவுகள் கணினிக்கு மாறியிருக்கின்றன. ஒருமுறை எழுதியது எல்லா இடத்திலும் தெரிந்தால் நன்மை பெரிது. கணினியிலும் எழுதி, கொப்பியிலும் எழுதி, ரிக்கட்டிலும் எழுதச் சொன்னால் வரிசை நீளத்தான் செய்யும். எந்தத் தாளை நிறுத்துவது என்று முடிவெடுக்காமல் கணினி வாங்குவது வீண்.

வரிசையில் யார் முதலில் என்பதை வந்த நேரம் தீர்மானிக்கக் கூடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரித்து, சிவப்பு என்றால் பதிவு பின்னால், சிகிச்சை முன்னால் என்ற ஒழுங்கு கொண்டுவரப்பட்டிருக்கிறது. அனுபவமுள்ள தாதி ஒருவர் வாசலில் நின்றால் இதற்குச் சில நிமிடங்கள் போதும். நகரவாசி உரத்துப் பேசித் தன்னைக் காட்டிக்கொள்வார். மூன்று வாகனம் மாறி வந்த படுவான்கரை விவசாயி மூச்சு வாங்கிக்கொண்டு பேசாமல் ஓரமாய் உட்கார்ந்திருப்பார். அவரைக் கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும்.

இத்தனையும் சரியாக நடந்தாலும், கட்டில் இல்லாவிட்டால் அனுமதி வாசலிலேயே நிற்கும். கட்டிலின் கணக்கு எளிது. ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதி, உள்ளே இருப்போர் எண்ணிக்கை, வருகையின் வேகத்தைத் தங்கும் காலத்தால் பெருக்கியதற்குச் சமம் என்கிறது. 40 கட்டில் உள்ள விடுதியில் ஒருவர் சராசரியாக 4 நாள் தங்கினால் நாளொன்றுக்கு 10 பேரை ஏற்கலாம். தங்கும் காலம் மூன்றரை நாளாகக் குறைந்தால் வாரத்துக்கு மேலும் 10 பேருக்கு இடம் வரும். ஒரு செங்கல்லும் வைக்க வேண்டியதில்லை. ஆனால் 40 கட்டிலும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு. வருகை ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். நிரம்பல் 85 வீதத்தைத் தாண்டும்போது கட்டில் கிடைக்காத நாட்கள் வேகமாகப் பெருகும் என்று 1999இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. விடுதிகள் முறைவைத்து அவசர அனுமதிகளை ஏற்கும் வழக்கத்தில், முறை வந்த நாளில் அந்த விடுதி பொங்கி வழியும். அடுத்த விடுதியில் இடம் இருக்கும். எல்லா விடுதிகளின் வெற்றுக் கட்டில்களையும் காலையிலும் மாலையிலும் ஒரே பலகையில் பார்க்கும் பொறுப்பு ஒருவரிடம் இருந்தால் இந்த நெரிசல் தணியும்.

உண்மையான திறவுகோல் வெளியே அனுப்புவதில் இருக்கிறது. காலை 9 மணிக்குச் சுற்று வந்த நிபுணர், இன்று வீட்டுக்குப் போகலாம் என்கிறார். வெளியேறும் துண்டு வெட்டி, டயக்னோசிஸ் காட் எழுதி, மருந்து எடுத்து, வீட்டார் வந்து சேர்வதற்குள் மாலை 4 மணி ஆகிவிட்டால், அந்தக் கட்டில் ஏழு மணி நேரம் நோயாளி இல்லாமலே நிறைந்திருக்கிறது. ஒரு நாளில் 10 பேர் என்றால் 70 மணி நேரம். கிட்டத்தட்ட மூன்று கட்டில்கள் ஒரு நாள் முழுதும் பூட்டிக் கிடப்பதற்குச் சமம். முதல்நாள் மாலையிலேயே நாளை போகக்கூடியவர் யார் என்று குறித்து, வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்லி, டயக்னோசிஸ் காட்டையும் எழுதி வைத்தால் இந்த மூன்று கட்டிலும் காலையிலேயே கிடைக்கும். படுவான்கரை நோயாளிக்கு இது இன்னும் முக்கியம்: பிந்தினால் பஸ் இல்லை, பஸ் இல்லாவிட்டால் இன்னோர் இரவு. துண்டு வெட்டியவர் உட்கார்ந்து காத்திருக்க விடுதிக்கு வெளியே நிழலும் நாற்காலியும் தண்ணீரும் உள்ள ஒரு அறை போதும்.

திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு வருபவர்களுக்கு வழி வேறு. தூரத்திலிருந்து வருகிறார் என்பதாலேயே ஒருவரை முதல்நாள் அனுமதித்து, பரிசோதனை சரியில்லை என்று திருப்பி அனுப்பும்போது இரண்டு நாள் கட்டில் வீணாகிறது. மதுரையில் 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு விடை கண்டது. ஊரில் முகாம் நடத்தி, அங்கேயே தகுதி பார்த்து, தெரிவானவர்களை ஒரே பஸ்ஸில் கூட்டிவந்து, முடிந்ததும் ஒன்றாகவே திருப்பி அனுப்பினார்கள். கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ இரத்தப் பரிசோதனையும் இருதய வரைவும் முன்கூட்டியே எடுக்கப்பட்டால், கண்புரைக்கும் குடலிறக்கத்துக்கும் இதே ஒழுங்கு இங்கும் சாத்தியம். இத்தகைய ஒழுங்குக்கு அடித்தளமான, பொருளை இடத்தில் வைப்பதிலிருந்து தொடங்கும் ஒழுக்கத்துக்கு இலங்கையிலேயே முன்மாதிரி உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, 2000ஆம் ஆண்டு முதல் வைத்தியர் விமல் கரந்தகொடவின் தலைமையில் ஜப்பானின் 5எஸ் முறையைக் கைக்கொண்டது. பின்னர் ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனம் அந்த அனுபவத்தை ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசென்றது.

மாரி காலம் தனிக் கணக்கு. வடகீழ்ப் பருவமழையோடு வாவி பெருகும்; 2011 ஜனவரி வெள்ளத்தில் மாவட்டம் கடுமையாக அடிபட்டு வீதிகள் நீருக்குள் போயின. மழையின் பின்னால் டெங்கு வரும். நாட்டில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவான 2017இல் கிழக்கு மாகாணம் ஆண்டின் முதல் மாதங்களிலேயே தத்தளித்தது. தேசிய வழிகாட்டலின்படி, குருதிச் சிறுதட்டு 100,000க்குக் கீழ் இறங்கியவர் அனுமதிக்கப்பட வேண்டும். காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து இரத்தம் சோதிக்கப்பட வேண்டும். இந்தச் சோதனை களுவாஞ்சிக்குடியிலும், வடக்கே ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் அன்றன்றே கிடைத்து, முடிவு கைத்தொலைபேசிக்கு வந்தால், பயத்தால் நகருக்கு ஓடிவரும் கூட்டம் குறையும், உண்மையில் இறங்குபவர் பிந்தாமல் வருவார். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான மூன்று மாதங்களுக்கு மட்டும் மேலதிகக் கட்டிலும் ஆளும் ஒதுக்குவதை ஒக்டோபரிலேயே தீர்மானிக்கலாம். மழை எப்போது வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அளக்காமல் இவற்றில் எதுவும் நிலைக்காது. அளப்பதிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் 2004இலிருந்து அவசரப் பிரிவுக்கு நான்கு மணி நேர எல்லை கட்டாயமானபோது, காத்திருப்பு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் நான்காம் மணி முடியும் கடைசி நிமிடங்களில் அனுமதிகள் குவிந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒற்றை எண்ணைத் துரத்தினால் எண் திருந்தும், நோயாளியின் நிலை திருந்தாமலும் போகலாம். ஆகவே ரிக்கட்டில் நான்கு நேரங்கள் எழுதப்பட வேண்டும்: வாசலுக்கு வந்தது, அனுமதி முடிவானது, கட்டிலில் படுத்தது, துண்டு வெட்டிய பின் கட்டிலை விட்டுப் போனது. இடமாற்ற நோயாளிக்கு ஐந்தாவதாக, சிறிய வைத்தியசாலை மாற்ற முடிவெடுத்த நேரம். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சிடமும், சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்திடமும் இருப்பதால், இந்த நேரங்களை இரு நிர்வாகமும் மாதமொருமுறை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். நகரின் மருத்துவ விடுதியில் பாய் விரிக்கப்படுவதன் காரணம் மகிழடித்தீவில் இரவு வைத்தியர் இல்லாததாக இருக்கலாம். களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த அம்புலன்ஸ் திரும்பப் பிந்துவதன் காரணம், நகரில் காலை வெட்டிய துண்டுக்குரியவர் மாலை வரை கட்டிலில் இருந்ததாக இருக்கலாம்.